டீசல் காரின் ஆயுள்

பம்பாயில் வாழ்ந்த தமிழர்களுள், கறுப்பும் மஞ்சளும் பூசிய பத்மினி டாக்சியில் ஏறாதவர் அரியர். தாதரில் சென்னை ரயிலை விட்டு இறங்கி, டாக்சியின் கூரைமேல் பெட்டி படுக்கைகளை ஏற்றி, மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ தாராவிக்கோ வீடு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. அந்த டாக்சிகளின் காலம் 2023 அக்டோபர் 29-ஆம் தேதியோடு முடிந்தது. கடைசிப் பத்மினி டாக்சி, தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29-இல் பதிவாயிற்று. 20 ஆண்டுக்கு மேல் எந்த டாக்சியும் மும்பையில் ஓடலாகாது என்பது விதி. அவற்றைத் தெருவிலிருந்து விலக்கியது வயது வரம்பே. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டரைப் பார்த்து எவரும் விலக்கவில்லை.

டாக்சி ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர் ஆகிறது. 20 ஆண்டில் 9 லட்சம் ஆகிறது. நம் வீட்டுக் காரோ ஒரு லட்சத்தைத் தாண்டியவுடன், "இனி இது தாங்குமா?" என்ற கவலை நமக்கு வந்துவிடுகிறது. பழைய டீசல் காரை வைத்துக்கொள்வதா, விற்பதா, பிறர் ஓட்டிய ஒன்றை வாங்கலாமா என்று எண்ணும் குடும்பங்களுக்கு இது பணத்தையும் பிரயாணத்தின் பத்திரத்தையும் பற்றிய கேள்வி. ஆதலின், டீசல் எஞ்சின் நீண்ட நாள் உழைப்பதன் காரணத்தையும் அதன் எல்லையையும் சற்று ஆராய்வோம்.

பத்மினி கார், குர்லாவிலிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவானது. இத்தாலிய நாட்டு ஃபியட் காரின் வழிவந்த அதற்கு இயல்பாக அமைந்தது பெட்ரோல் எஞ்சின். ஆனால் டீசலின் விலை குறைவாக இருந்தமையால், டாக்சி உடைமையாளர் பலர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டனர். 1990-களில் கம்பெனியே டீசல் எஞ்சின் கொண்ட பத்மினியையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. எஞ்சினை மாற்றியும் வண்டி ஓடியது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் நெருப்புப் பொறிக்கு வேலையில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி எழுப்பி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினிலோ, சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அவ்வாறே நெருக்குண்ட காற்று கொதிப்பேறி நிற்க, அதனுள் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே டீசல் எஞ்சினின் இரும்புப் பாகங்கள் கனமாக வார்க்கப்பட்டன. நீடித்த உழைப்புக்கு இது முதற்காரணம். நிதானமான சுழற்சி இரண்டாவது. அதே வேகத்தில் செல்லும்போது டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைந்த முறையே சுழல்கிறது. சுழற்சி குறைந்தால் தேய்மானமும் குறையும். மூன்றாவது காரணம் எரிபொருளின் குணம். பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடும் தன்மையது. டீசலோ தானே சற்று எண்ணெய்ப்பசை உடையது.

ஆயினும், இரும்பு கனத்ததாயிருப்பதால் மட்டுமே வண்டி சிரஞ்சீவியாகிவிடாது. கிரீஸ் நாட்டுத் தெஸ்ஸலோனிகி நகரில் டாக்சி ஓட்டிய கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ் என்பவரின் கதை இதற்குச் சான்று. அவருடைய 1976-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி டீசல் கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. 2004-இல் அதனைக் கம்பெனியே பெற்றுக்கொண்டு தன் காட்சிச்சாலையில் வைத்தது. அத்தனை தூரமும் ஒரே எஞ்சின் ஓடவில்லை. சாக்கினிடிஸ் மாற்று எஞ்சின்களை வைத்திருந்து, ஒன்று களைத்தபோது அதனைக் கழற்றிப் பழுது பார்த்து, மற்றொன்றைப் பூட்டி ஓட்டினார். நம் பத்மினியின் வரலாறும் ஏறக்குறைய இதுவே. கழற்றக்கூடிய பாகம், கிடைக்கக்கூடிய உதிரி, கைதேர்ந்த மெக்கானிக் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காரின் ஆயுள். குர்லாவின் பழைய உதிரிப் பாகக் கடைகளும் மும்பைத் தெருவோர ஒர்க்ஷாப்புகளும் அந்த டாக்சிகளுக்கு ஆயுள் ஊட்டின என்றால் மிகையன்று.

டீசல் எரியும்போது கரி உண்டாகிறது. அதில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் கலந்து அதனைக் கறுக்கச் செய்கிறது. கரி மிகுந்த ஆயில் உராய்வைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும். குறித்த காலத்தில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுவது ஆகவே இன்றியமையாதது. காற்று ஃபில்டர் கிழிந்திருந்தால், உள்ளே புகும் தூசி உப்புத்தாளைப் போல் சிலிண்டரைத் தேய்த்துவிடும். டீசலில் நீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் துருவேறும். ரேடியேட்டரில் நீர் குறைந்து ஒருமுறை எஞ்சின் கொதித்துப் போனால், பல்லாண்டுப் பராமரிப்பும் ஒரு மணி நேரத்தில் வீணாகும்.

மீட்டர் காட்டும் எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அந்தத் தூரம் எவ்வாறு ஓடியது என்பதே முக்கியம். எஞ்சினில் தேய்மானம் மிகுவது குளிர்ந்த நிலையில் புறப்படும் நேரத்தில்தான். செம்பூரிலிருந்து மாதுங்கா சந்தைக்குப் போய்வரும் கார் சூடேறுமுன்பே நின்றுவிடுகிறது. பூனா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம் வழியாகத் திருநெல்வேலி வரை சீராகச் செல்லும் கார், ஒருமுறை சூடேறியபின் மணிக்கணக்கில் அதே நிதானத்தில் ஓடுகிறது. இப்படி நெடுஞ்சாலையில் ஓடிய 2 லட்சம் கிலோமீட்டர், நகர நெரிசலில் நின்று நின்று ஓடிய 1 லட்சத்தைவிட எஞ்சினுக்கு இலகுவாயிருக்கலாம்.

பழைய டீசல் கார் வாங்குவோர், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று முதல் ஸ்டார்ட்டைப் பார்ப்பது நலம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஓயாத கரும்புகை, காற்றுக் குறைவையோ இன்ஜெக்டர் கோளாற்றையோ குறிக்கும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், டீசல் முழுதும் எரியவில்லை அல்லது ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமாயின் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன எனக் கொள்ளலாம். மீட்டரைத் திருத்திவிடலாம், இந்த அறிகுறிகளை மறைப்பது அத்துணை எளிதன்று. சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் அவசியம்.

புதிய டீசல் கார்களுக்கு வேறொரு இயல்பு உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியின்படி, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் அமைக்கிறார்கள். பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்ள அதற்கு நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் தேவை. சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வரும் குடும்பத்துக்கு இத்தகைய வண்டி பொருத்தமன்று. அடைப்பும் செலவுமே மிஞ்சும். ஊருக்கு அடிக்கடி நெடுந்தூரம் செல்வோர்க்கே டீசல் ஏற்றது.

இங்கு மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில் 1950-களிலிருந்து பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கி வருகின்றன. அங்குள்ளோர்க்குக் காற்று மாசைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று 2012-இல் வகைப்படுத்தியது. மும்பையிலோ அதற்கு முன்னரே, வாகனப் புகையை எதிர்த்து 1999-இல் பொதுநல வழக்குத் தொடரப்பட்டு, வி. எம். லால் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. உயர் நீதிமன்றத்தின் ஆணைகளைத் தொடர்ந்து டாக்சிகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. எஞ்சின் இன்னும் ஓடக்கூடியதாயிருந்தும், அதன் புகையைச் சுவாசிக்கும் குழந்தையின் நுரையீரலை எண்ணி ஊர் எடுத்த முடிவு அது.

பதிவு விதிகளையும் மறத்தலாகாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் வண்டியைச் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். மகாராஷ்டிரப் பதிவுள்ள காரை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வைத்திருந்தால், தடையின்மைச் சான்று பெற்று அங்கே புதுப்பதிவு எண் வாங்க வேண்டும். தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை நிலைநிறுத்தியது. ஆகவே ஊர் மாறும்போது, அவ்வூரின் அப்போதைய விதி என்ன என்பதை முதலில் கேட்டறிந்துகொள்வது உத்தமம்.

காருக்கு இவ்வாறு இரண்டு ஆயுள் உண்டு. இரும்பின் ஆயுளைப் பராமரிப்பால் நீட்டலாம்; மற்றோர் ஆயுளைக் காற்றின் தூய்மை நிர்ணயிக்கிறது. மீட்டரில் லட்சங்கள் ஏறிவிட்டன என்பதற்காக நல்ல வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நன்றாக ஓடுகிறது என்பதற்காகப் புகை கக்கும் வண்டியை வைத்துக்கொள்வதும் தகாது. ஆயிலைக் காலத்தில் மாற்றுவோம்; புகையின் நிறத்தைக் கவனிப்போம்; அந்தப் புகை நம் அண்டை வீட்டையும் எட்டும் என்பதை மறவாதிருப்போம்.