தூண்டிற்காரனும் மூன்று மரங்களும்

ஒல்லாந்தர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன கோட்டையும் கொத்தளமுமேயாம். அவர்கள் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளின் முன்னே, அவர்தம் நாட்டு ஓவியன் ரெம்பிராண்ட் செப்புத் தகட்டிற் கீறிய ‘மூன்று மரங்கள்’ என்னும் நிலக்காட்சியின் படம் ஒன்று நெடுநாளாக என் மேசைமேல் இருக்கிறது. புயல் வானத்தையும், மேட்டிலே நிமிர்ந்து நிற்கும் மரங்களையும் காட்டி வகுப்பிலே பலகாலும் பேசியிருக்கிறேன்.

சென்ற தவணையிற் கடற்கரைக் கிராமத்து மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், இந்த ஆளுக்கு மீன் பட்டதோ?” என்று கேட்டான்.

எந்த ஆள்? படத்தின் இடப்புறத்தில், நீரோரமாக, தூண்டிற் கோலுடன் ஒருவன். அருகே ஒரு பெண். இத்தனை ஆண்டும் என் கண்ணிற் படாதவன்! பின்னர் தேடியபோது, புதரிருளிற் காதலர் இருவரும், மேட்டின் வலது ஓரத்திற் படம் வரையும் ஒருவனும் அகப்பட்டனர்.

இவ்வகைச் சித்திரத்துக்குத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். மெழுகு நீங்கிய கோட்டை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளத்திலே தங்கிய மை தாளில் ஏறும். அச்சில் இடம் வலமாக மாறுமாதலால், தூண்டிற்காரனைத் தகட்டின் வலப்புறத்திலேயே ஓவியன் கீறியிருத்தல் வேண்டும். மழைக்கு இட்ட கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்தவைபோற் சரிந்து பாய்கின்றன. தூண்டிற் கோலோ மயிரிழை போன்ற ஒரு கீறல்.

ரெம்பிராண்டின் மனைவி சஸ்கியா இறந்தது 1642 இல். இச்சித்திரம் 1643 இல் ஆயது. மரங்களை மூன்று சிலுவைகள் என்பாரும், வானத்து இருளை மனைவியை இழந்தவனின் துயர் என்பாரும் உளர். பின்னைய கருத்தையே நானும் மாணவர்க்குச் சொல்லிவந்தேன். இப்பொழுது அத்துணிவு இல்லை. துயருற்றவன் வானத்தைக் கறுப்பாக்கினான் என்பது சொல்ல எளிது. அதே தகட்டில் மழையைப் பொருட்படுத்தாத ஒருவனை, ஒரு பெண்ணின் துணையோடு மீன் பிடிக்க வைத்தது எதனாலோ?

அன்று மாலை உருப்பெருக்குக் கண்ணாடியுடன் நெடுநேரம் இருந்தேன். மறுநாள் அம்மாணவனிடம், “இன்னும் படவில்லைப் போலும்” என்றேன்.

“பொறுங்கோ சேர். மழைக்கு முன்தான் மீன் நல்லாய்க் கடிக்கும். அதுதான் ஆள் எழும்பாமல் இருக்கிறார்” என்றான் அவன்.