பாத்திரம் துலக்கும் நீர்

நாள்தோறும் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கப்படுகிறது. துலக்குகின்ற கையைப் பற்றியும், துலக்கியபின் வழிந்தோடும் நீரைப் பற்றியும் நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அவ்விரண்டையும் பற்றி நேயர்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

எண்ணெயும் நீரும் தாமாகக் கலப்பதில்லை. இடையே தூது செல்ல ஒரு பொருள் வேண்டும். அப்பொருளின் மூலக்கூறுக்கு இரு முனைகள் உண்டு. ஒன்று எண்ணெயைப் பற்றும். மற்றொன்று நீரை நாடும். ஆகவே பிசுக்கு நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நீரோடு சென்றுவிடுகிறது. சோப்பு செய்வதும் இதுவே; பூந்திக்கொட்டை செய்வதும் இதுவே. பூந்திக்கொட்டையின் தோலிலுள்ள 'சபோனின்' என்னும் பொருளே நுரையைத் தருகிறது.

அப்படியானால் தாவரத்திலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றதோ எனில், அன்று என்பேன். மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்க வேண்டும். எதிலிருந்து வந்தது? கைக்கு என்ன செய்யும்? நீரில் சேர்ந்தபின் என்ன ஆகும்?

சோடியம் லாரில் சல்பேட் என்னும் பொருளைத் தேங்காய் எண்ணெயிலிருந்தே எடுக்கலாம். எனினும் அது தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையையும் பறித்துவிடும். அதே தேங்காய் எண்ணெயின் கூற்றோடு குளுக்கோசை இணைத்துச் செய்யும் ஆல்கைல் பாலிகுளுக்கோசைடு தோலுக்கு மென்மையானது. பிறப்பிடம் ஒன்றே, குணம் வேறு. நம் பழைய சாம்பலும் இதற்கு விலக்கன்று. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத் தன்மை உடையது, சாம்பலோ காரம். நாள் முழுதும் அதில் புழங்கும் கை வறண்டு வெடிப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது வினாவை உலகம் தாமதமாகவே கேட்டது. 1950களில் மேலைநாடுகளில் பரவிய செயற்கைச் சலவைப் பொருள்களின் மூலக்கூறுகள் கிளைவிட்ட அமைப்புடையன. பாக்டீரியாக்களால் அவற்றை எளிதில் சிதைக்க இயலவில்லை. ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் கிளையற்ற, எளிதில் சிதையும் வகைக்கு மாறினர்.

பூந்திக்கொட்டை நீரைச் செய்வது எளிது. பத்துப் பன்னிரண்டு காய்களின் விதைகளை நீக்கி, தோலை இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். இரண்டொரு நாளில் கெட்டுவிடுமாதலால் சிறிதளவே செய்க. கடும் பிசுக்குக்கு வெந்நீரும் தேங்காய் நாரும் துணை வேண்டும். பித்தளையின் களிம்பு இதற்கு அகலாது. அதற்குப் புளியின் அமிலமே ஏற்றது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சபோனின் கண்ணில் பட்டால் எரியும், மீன்களுக்கு நஞ்சாகும். ஆதலின் இந்நீரைக் குளத்திலோ ஓடையிலோ விடலாகாது. நிறைய நீர் கலந்து மண்ணில் ஊற்றினால், மண்ணின் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்துவிடும்.

கடையில் புட்டியின்மேல் பச்சை இலையின் படத்தைக் காணும்போது, அம்மூன்று வினாக்களையும் கேளுங்கள். இலைப் படம் முதல் வினாவுக்கு மட்டுமே விடை தருகிறது. கையும் குளமும் மற்ற இரண்டுக்கும் விடை வேண்டி நிற்கின்றன.