மீன் என்று பிடித்தது தவளை ஆனது!

மழை விட்டதும் சிறுவர்கள் டப்பாவும் கையுமாகக் குட்டைக்கு ஓடுவார்கள். கறுப்பாக, வாலை ஆட்டி நீந்துவதை அள்ளுவார்கள். "அம்மா, மீன் குஞ்சு!" என்று வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். சில நாட்களில் "மீனுக்கு" பின்னங்கால் முளைக்கும்! வீடே கூடி வேடிக்கை பார்க்கும்.

அது மீன் அல்ல, தலைப்பிரட்டை. அதாவது, தவளைக் குஞ்சு.

வால் எங்கே போகிறது?

அடுத்து முன்னங்கால் வரும். வால் சுருங்கும். அது அறுந்து விழுவதில்லை. உடலே அதைக் கரைத்து உணவாக்கிக் கொள்கிறது. செவுளால் மூச்சு விட்ட குஞ்சு, நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும். அப்போது டப்பாவில் ஒரு கல் வேண்டும். ஏறி உட்கார இடம் இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துவிடும். பிடித்த குட்டையிலேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

குட்டை எங்கே?

சென்னையில் இன்று ஜவுளிக் கடைகள் நிறைந்த தியாகராயநகர், மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-ம் ஆண்டுகளில் உருவானது. மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" இருக்கிறது, ஏரிதான் இல்லை! நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

ஏரி போயிற்று. குட்டை போயிற்று. தவளையும் குறைந்தது. கொசு மட்டும் குறையவில்லை. அதற்குப் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரே போதும். கொசுப்புழுவையும் தின்னும் சில வகைத் தலைப்பிரட்டைகளுக்குக் குட்டை வேண்டும்.

அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தைச் சீர்படுத்தி, 2011-ல் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். தண்ணீர் திரும்பினால் தவளையும் திரும்பும்.