பாம்பு அல்ல, சிலந்தி! பல் உரசிச் சீறும் பெருஞ்சிலந்திகள்

சந்தாபுரா பக்கம் மனை எழும்பும் இடங்களில் செங்கல் அடுக்கையோ, சவுக்குக் கட்டையையோ புரட்டும்போது உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்று தென்பட்டால் முதலில் எழுவது செருப்புதான். அது 'உஸ்' என்று சீறினால்? பாம்பு என்று ஓடத்தான் தோன்றும்.

சிலந்தி சீறுமா? சீறும். ஆனால் வாயால் அல்ல.

கல்கத்தா இந்தியன் மியூசியத்தைச் சேர்ந்த வுட்-மேசன், அசாமில் கிடைத்த ஒரு சிலந்திக்கு 1877-ல் 'ஓசையிடுவது' என்ற பொருளிலேயே பெயர் வைத்தார். சீப்பின் பற்கள்மேல் கத்தி முதுகை இழுத்தாற்போல் இருக்குமாம் அதன் ஓசை.

நச்சுப் பல்லைத் தாங்கும் தாடையின் வெளிப்பக்கத்தில் முட்கள் உண்டு. அதை ஒட்டிய உணர்காலின் அடிப்பகுதியில் சிறு கம்பிகள் வரிசையாக நிற்கும். இரண்டும் உரசினால் ஓசை. ஆண், பெண் இரண்டுக்கும் இந்தக் கருவி உண்டு. ஆகவே இது காதல் பாட்டு அல்ல, 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை என்கிறார்கள்.

உரசும் முள்ளை வைத்தே இனம் பிரித்தார் லண்டன் மியூசியத்தின் போகாக். தரையில் வளை தோண்டும் கைலோபிராக்கிஸ் ஒரு வகை. கர்நாடகத்தின் மேற்கு மலைத்தொடரிலும் உண்டு. நீலகிரியின் பெயர் தாங்கிய ஹேப்ளோகிளாஸ்டஸ் இந்தியாவுக்கே உரியது. மரப்பொந்தில் வாழும் பொசிலோதீரியா மூன்றாவது.

இந்த மூன்றாவது வகை நம்மவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி! 1899-ல் போகாக் பெயரிட்டவற்றில் ஒன்று அரக்கோணத்தில் கிடைத்தது. மற்றொன்று சேலம் மாவட்டத்தில். நீலநிறச் சிலந்தி ஒன்றோ, ஆந்திராவின் குத்தி ரயில் நிலையத்து மரக்கட்டைக் குவியலில் அகப்பட்டது. அதன்பின் நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல்தான் நந்தியால் - கித்தலூர் காட்டில் மீண்டும் தென்பட்டது. காடு வெட்டப்படுவதால் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

வெளிநாட்டில் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கக் காசு கொடுக்கிறார்கள். பொசிலோதீரியா முழுவதையும் 2019-ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள்.

கடித்தால் வலி கடுமையாகவே இருக்கும். பொசிலோதீரியா கடித்தால் தசைப்பிடிப்பு நாள் கணக்கில் நீடிக்கலாம். கட்டுப் போடுவது, கீறி ரத்தம் எடுப்பது எல்லாம் கூடாது. கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டையைத் தூக்குமுன் கழியால் இரண்டு தட்டு தட்டினால், பெரும்பாலும் அதுவே ஒதுங்கிவிடும்.