பழைய டிராக்டர் டேங்க்கில் கசிவா? அலட்சியம் வேண்டாம்

அறுவடைக் காலத்தில் டிராக்டரோ, வைக்கோல் ஏற்றிய டிரெய்லரோ பற்றி எரியும் வீடியோ ஒன்று செல்போனில் வந்துவிட்டால், இரண்டு நாளைக்கு ஊரில் அதே பேச்சுதான். ‘பழைய வண்டி, டேங்க் வெடித்துவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூன்றாம் நாள், மூடி தொலைந்துபோன டேங்க் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு உழவுக்குக் கிளம்புகிறோம்.

தீ எங்கே தொடங்கியது, எதனால் பரவியது என்பதை இத்தகைய வீடியோக்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எரியும் காட்சி மட்டும் மனதில் நிற்கிறது. பழைய வண்டியின் டேங்க் குறித்த உண்மையான கவலையும், அதைப் பற்றிய செய்தியும் எப்படிக் குழம்பிப்போகும் என்பதற்கு, அமெரிக்க விவசாயிகள் ஓட்டிய ஒரு பிக்கப் வண்டியின் கதை நல்ல உதாரணம்.

பக்கவாட்டில் வைத்த டேங்க்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை செவ்ரோலே, ஜி.எம்.சி. ஆகிய பெயர்களில் பெரிய பிக்கப் வண்டிகளை விற்றது. பண்ணை வேலைக்கும் பாரம் ஏற்றவும் அங்கே பரவலாக ஓடிய வண்டிகள் இவை. அதற்கு முந்தைய மாடல்களில் பெட்ரோல் டேங்க், டிரைவர் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. 1973 மாடலில் அதை வெளியே எடுத்து, சேஸிஸ் சட்டத்துக்கு வெளிப்புறமாக, வண்டியின் பக்கவாட்டில் பொருத்தினார்கள். இரு பக்கமும் டேங்க் உள்ள வண்டியில் ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் பங்க்குக்குப் பல மைல் போக வேண்டிய பண்ணைக்காரருக்கு இது வசதிதான்.

ஆனால், பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் டேங்க்குக்குக் காவலாக இருப்பது பாடியின் தகரம் மட்டுமே. கனமான இரும்புச் சட்டம் டேங்க்குக்கு உட்புறம் இருந்தது. 1988-ல் வந்த புதிய மாடலில் டேங்க்கைச் சட்டத்துக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஏற்கெனவே விற்ற லட்சக்கணக்கான பழைய வண்டிகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

டி.வி. கொளுத்திய தீ

1992 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியின் ‘டேட்லைன்’ நிகழ்ச்சி இந்த வண்டிகளைப் பற்றி ஒரு செய்தித் தொகுப்பை ஒளிபரப்பியது. பழைய பிக்கப் ஒன்றின் பக்கவாட்டில் கார் மோதுகிறது. உடனே தீ எழுகிறது. பார்த்தவர்கள் நடுங்கிப்போனார்கள்.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. மோதும்போது எப்படியும் தீ எழ வேண்டும் என்பதற்காக, பொம்மை ராக்கெட்டுக்குப் பயன்படும் சிறு வெடிபொருளை வண்டிக்கு அடியில் முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். டேங்க் மூடியும் அந்த வண்டிக்குச் சரியாகப் பொருந்தும் மூடி அல்ல. இதையெல்லாம் நேயர்களிடம் சொல்லவில்லை. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1993 பிப்ரவரி 9 அன்று அதே நிகழ்ச்சியில் என்.பி.சி. மன்னிப்புக் கேட்டது. அதன் செய்திப் பிரிவுத் தலைவர் அடுத்த மாதமே பதவி விலகினார்.

அத்தோடு பேச்சு முழுவதும் டி.வி.யின் பித்தலாட்டத்தின் பக்கம் திரும்பியது. ஆனால் டேங்க் இருந்த இடம் மாறிவிடவில்லையே! அரசு விசாரணை தொடர்ந்தது. இந்த வண்டிகளில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாகவும், சுமார் 150 பேர் விபத்துத் தீயில் இறந்திருப்பதாகவும் 1994 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் ஃபெடெரிகோ பேனியா அறிவித்தார். தயாரித்த காலத்தின் பாதுகாப்பு விதிகள் அனைத்துக்கும் வண்டி உட்பட்டதே என்று நிறுவனம் வாதிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டாலருக்கு மேல் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டிகளைத் திரும்பப் பெறவில்லை.

காட்டிய தீ ஜோடனை. இருந்த ஆபத்து நிஜம். ஒரு வீடியோவைப் பார்த்து எல்லாப் பழைய வண்டியும் வெடிக்கும் என்று பயப்படுவதும் தவறு. வீடியோ பொய் என்று தெரிந்தவுடன் ஆபத்தே இல்லை என்று இருந்துவிடுவதும் தவறு. அவரவர் வண்டியில் டேங்க் எங்கே இருக்கிறது, எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் சரி.

‘டீசல்தானே, பற்றாது’

அந்த பிக்கப்களில் ஓடியது பெரும்பாலும் பெட்ரோல். நம் டிராக்டர்களில் டீசல். ‘தீக்குச்சியைப் போட்டாலும் டீசல் பற்றாது’ என்று பலர் நம்புகிறார்கள். பாத்திரத்தில் குளிர்ந்து நிற்கும் டீசல் சட்டென்று பற்றாது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால், இந்தியத் தர விதிப்படி டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். சித்திரை வெயிலில் நம் வயலில் அடிக்கும் சூடே அதைத் தாண்டிவிடும்.

துணி, வைக்கோல், தூசி ஆகியவற்றில் ஊறிய டீசல் திரி போலப் பிடித்து எரியும். குழாயில் விழுந்த மெல்லிய விரிசலிலிருந்து புகைபோலப் பீய்ச்சும் டீசல் இன்னும் வேகமாகப் பற்றும். பாரம் இழுக்கும் டிராக்டரின் சைலன்சரும், அது இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்டும் 300 டிகிரிக்கு மேல் சூடாகும். அதன்மேல் டீசல் பட்டால் தீப்பொறியே தேவையில்லை.

பல பழைய மாடல்களில் டேங்க், பானெட்டுக்கு அடியில் இன்ஜினைவிட உயரத்தில் இருக்கிறது. கசிந்தால் டீசல் தானாகவே கீழே வழிந்து, சூடான பாகங்களுக்கும் பேட்டரி ஒயர்களுக்கும் போய்விடும். ஆகவே நம் டிராக்டரில் பயப்பட வேண்டியது வெடிப்பைவிடக் கசிவுக்குத்தான்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

மூடி: தொலைந்தால் துணி, பாலித்தீன் பை வைத்து அடைக்கக் கூடாது. துணி டீசலை உறிஞ்சி வெளியே கசியவிடும். பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டினால் காற்று போகாமல் இன்ஜின் இழுக்கத் திணறும். அந்த மாடலுக்கு உரிய மூடியையே வாங்கிப் போடுங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளையை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.

ரப்பர் குழாய்கள்: டேங்க்கிலிருந்து ஃபில்டருக்குப் போவதும், மீந்த டீசல் டேங்க்குக்குத் திரும்பி வருவதும் ரப்பர் குழாயில்தான். நாளானால் இவை விறைத்து வெடிக்கும். வளைத்துப் பார்த்தால் விரிசல் தெரியும். கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் டியூப்பை மாட்டிக் கட்டுக்கம்பியால் முறுக்குவது வேண்டாம். சூட்டில் அது இளகிவிடும். டீசலுக்கு உரிய குழாயும் கிளிப்பும் போடுங்கள்.

டேங்க்கின் அடிப்பகுதி: துரு உள்ளேயிருந்து அரிக்கும். பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி அடியில் தங்குகிறது. மாலையில் டேங்க்கை நிரப்பி வைத்தால் இது குறையும். விளிம்பு வரை நிரப்பாமல் சிறிது இடம் விடுங்கள். சூட்டில் டீசல் விரியும். அடியில் தங்கும் நீரையும் கசடையும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

ஒயரும் பேட்டரியும்: எலி கடித்த ஒயர், ஆடும் டெர்மினல், ஃபியூஸுக்குப் பதிலாகச் சுற்றிய கம்பி ஆகியவை பொறி தரும். கசிவும் பொறியும் சேர்ந்தால் தீதான்.

வைக்கோல் தூசி: கதிரடிக்கும் வேலையிலும் வைக்கோல் கட்டும் வேலையிலும் இருக்கும் டிராக்டரில் பானெட்டைத் தினமும் திறந்து, சைலன்சரைச் சுற்றியுள்ள கூளத்தைத் தட்டி எடுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள்.

காலி டேங்க்கே மிகவும் ஆபத்து

ஊசித்துளை விழுந்தால் சோப்பைத் தேய்த்து அடைப்பது நம் வழக்கம். வயலிலிருந்து வீடு வந்து சேர மட்டும் அது உதவும். அடுத்த வேலை பட்டறை. அங்கேதான் பெரிய விபத்து காத்திருக்கிறது.

‘டீசலை வடித்துவிட்டோம், காலியாகத்தானே இருக்கிறது’ என்று அப்படியே வெல்டிங் வைக்கவே கூடாது. நிறைந்த டேங்க்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்க்கிலோ மூட்டுகளிலும் துருவிலும் ஒட்டியிருக்கும் டீசல், வெல்டிங் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும். பச்சைத் தண்ணீரில் அலசினால் எண்ணெய்ப் பிசுக்கு போகாது. டேங்க்கை வண்டியிலிருந்து கழற்றி, சோப்புத்தூள் கலந்த வெந்நீரிலோ நீராவியிலோ பலமுறை கழுவ வேண்டும். பிறகு ஒட்டவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, எல்லா மூடியையும் திறந்து வைத்து, இந்த வேலையில் அனுபவமுள்ளவரே வெல்டிங் செய்ய வேண்டும். பல இடங்களில் அரித்திருந்தால் ஒட்டுப்போடுவதைவிட மாற்று டேங்க் வாங்குவது நல்லது.

தீப்பிடித்தால்

உடனே இன்ஜினை நிறுத்துங்கள். தீ சிறிதாக இருந்து, கை எட்டினால் மட்டும் டேங்க்கின் அடைப்புக் குழாயை மூடுங்கள். டீசல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து பரவும். மணலைப் போடுங்கள் அல்லது உலர்பொடித் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள். தீ டேங்க்கைச் சூழ்ந்துவிட்டால் வண்டியை விட்டு விலகிப் போய், 101 அல்லது 112-ஐ அழையுங்கள். வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

விரிவாக்கப் பணியாளர்கள் கவனத்துக்கு

டிராக்டரின் பதிவு 15 ஆண்டில் முடிந்து, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அந்தச் சோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் டேங்க்கை யாரும் பார்ப்பதில்லை. கிராமக் கூட்டங்களிலும் இயந்திரப் பராமரிப்பு முகாம்களிலும் இன்ஜின் ஆயிலைப் பற்றிப் பேசும்போது மூடி, ரப்பர் குழாய், கிளிப் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊரில் உள்ள வெல்டிங் பட்டறைக்காரரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். காலி டேங்க் முதலில் வந்து சேர்வது அவர் கைக்குத்தான்.