படிப்பித்தபடியே படித்த ஆசிரியர்கள்

1980 ஏப்ரலில் சிம்பாப்வே சுதந்திரமடைந்தது. அவ்வாண்டிலேயே ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் நீக்கப்பட்டது. 1979இல் அந்நாட்டு ஆரம்ப வகுப்புகளில் சுமார் 8 இலட்சம் பிள்ளைகள். 1985இல் சுமார் 22 இலட்சம். போர்க்காலத்தில் கிராமப் பாடசாலைகள் பல மூடிக் கிடந்தமையால், மீசை அரும்பும் வயதினரும் சிறு பிள்ளைகளுடன் கீழ் வகுப்புகளில் வந்தமர்ந்தனர். ஒரே அறையில் காலையில் ஒரு வகுப்பு, பிற்பகலில் வேறொரு வகுப்பு. கட்டடங்களைப் பெற்றோரே கூடிநின்று எழுப்பினார்கள். ஆசிரியருக்கு எங்கே போவது? கல்லூரியில் சில ஆண்டுகள் தங்கிப் பயின்று அவர்கள் வெளிவரும் வரை பிள்ளைகளின் வயது காத்திருக்குமா?

1981இல் தொடங்கிய 'சின்டெக்' எனும் ஆசிரியப் பயிற்சித் திட்டமே இதற்கு விடையாயிற்று. நான்கு ஆண்டுப் பயிற்சி அது. முதல் 16 வாரங்கள் மட்டும் கல்லூரி வாசம். அதன்பின் பயிலுநர் கிராமப் பாடசாலைக்கு அனுப்பப்படுவார். அங்கே ஒரு வகுப்பின் முழுப் பொறுப்பும் அவருடையது. பகலில் படிப்பிப்பார், இரவில், தபாலில் வந்த பாடங்களைப் படித்துக் கட்டுரை எழுதி அனுப்புவார். விடுமுறையில் கருத்தரங்குகள் நடைபெறும். நிறைவாக மீண்டும் 16 வாரங்கள் கல்லூரி.

இது அலுவலக மேசையில் உதித்த யோசனை அன்று. விடுதலைப் போரின்போது மொசாம்பிக்கின் அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தனர். ஓரளவு படித்த இளைஞர்களே அங்கு ஆசிரியராயினர். பாடநூல் இல்லை, தாமே எழுதிக்கொண்டனர். அவர்களைப் பயிற்றுவித்தோரில் ஒருவர் ஃபே சங், சிம்பாப்வேயில் பிறந்த சீன வம்சாவளிப் பெண்மணி. சுதந்திரத்தின் பின் கல்வி அமைச்சில் பணியாற்றி, 1988இல் கல்வி அமைச்சரானார். அகதி முகாமின் அனுபவம் ஒரு நாட்டின் ஆசிரியப் பயிற்சி முறைக்கு வித்தானது, நம்மவர் பலர் தம் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய செய்தி.

குறைகளும் இல்லாமலில்லை. புதிய ஆசிரியர் வகுப்பில் தடுமாறும்போது பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, பாடம் முடிந்தபின் தனியே அழைத்துத் திருத்த ஒருவர் வேண்டும். கல்லூரி விரிவுரையாளர்களுக்கு அது கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. ஆனால் பாடசாலைகளோ தொலைவில், வீதிகள் மோசம், வாகனங்கள் போதவில்லை. தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்றால், அவருக்கே வேலைப்பளு அதிகம். தபாலில் வந்த பாடம் பின்னங்களை விளக்கும். ஐம்பது பிள்ளைகளை எப்படி அமைதிப்படுத்துவது என்பதைத் தபாலில் கற்க முடியுமா? வார இறுதியில் தமிழ் வகுப்பெடுக்கும் நம் அன்பர்களுக்கு, பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே இச்சிரமம் விளங்கும்!

ஆயினும், விரிவுரையாளர் முறையாகச் சென்று பார்த்த இடங்களில் பயிலுநர்கள் விரைவாகத் தேறினர். காலையில் வகுப்பில் தோற்ற பாடத்தை அன்றிரவே திருத்தி, மறுநாள் அதே பிள்ளைகளிடம் மீண்டும் சோதித்துப் பார்க்க அவர்களால் முடிந்தது. வழமையான கல்லூரி மாணவருக்கு அந்த வாய்ப்பு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

ஹராரே நகரில் 'மோர்கன் சின்டெக்' என்ற பெயருடன் ஆசிரியர் கல்லூரியொன்று இன்றும் இயங்குகின்றது.