நீலப் புகை எங்கிருந்து வருகிறது?

உழவு இயந்திரத்தின் புகை கறுப்பானால் எரிபொருள் அதிகம், காற்றுப் போதாது. வெள்ளையானால் நீராவி, அல்லது எரியாத எரிபொருள். நீலமானால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ஒயிலின் நுண்துளிகள் குறுகிய அலைநீள ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் விரிவுரையாளராக இருந்தபோது இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நோர்வேயில் மீன் தொழிற்சாலைக்கு வந்தபின்புதான் புகையைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது.

என்னோடு வேலைசெய்யும் நோர்வேஜியர் ஒருவரிடம் தகப்பன் விட்டுச்சென்ற சாம்பல்நிற பெர்கூசன் ரி.ஈ.20 ஒன்று இருக்கிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ரியில் செய்யப்பட்ட இனம். இங்கே அதைச் செல்லமாக 'க்ரோதாஸ்' என்பார்கள். வன்னி வயல்களில் நாம் கண்ட மாஸி பெர்கூசன் 35 இதன் வழிவந்ததே. பெற்றோல் எஞ்சின். புதிய லைனர், பிஸ்ரன், றிங் எல்லாம் போட்டுப் புதுப்பித்தும் நீலப்புகை நிற்கவில்லை. தேநீர் அறையில் எல்லோரும் சொன்னது ஒன்றே: திரும்பக் கழற்று. கையிலிருந்த பணம் முதல் வேலையோடு முடிந்துவிட்டதால், மனிதர் அதை உதிரிப்பாகமாக விற்கும் யோசனையில் இருந்தார்.

கழற்றுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. புகை எப்போது வருகிறது? நிறுத்தி வைத்துக் காலையில் இயக்கும்போதும், இறக்கத்தில் திறொட்டிலை மூடி இறங்கிவிட்டு மீண்டும் திறக்கும்போதும் மட்டும் வந்தால் வால்வு கைட்டைச் சந்தேகிக்கலாம். இழுவையில் விடாமல் வந்தால் றிங் பக்கம் பார்க்கவேண்டும். அதற்கும் முன்பாக, செலவில்லாத இரண்டு சோதனைகள்: ஒயில் தொட்டியுள்ள எயார் கிளீனரில் அளவுக்கு மிஞ்சி ஒயில் ஊற்றியிருந்தால் எஞ்சின் அதையே உறிஞ்சி எரிக்கும், கிராங் அறையின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் உள்ளமுக்கம் ஒயிலை மேலே தள்ளும். நம்மவர் பலர் இவற்றை விட்டுவிட்டு நேரே மெக்கானிக்கைத் திட்டத் தொடங்குவர்.

இங்கே இரண்டும் சரி. அமுக்கச் சோதனையிலும் நான்கு சிலிண்டரும் நன்றாயிருந்தன. ஆனால் அது முழுச் சாட்சியல்ல. அமுக்கத்தைப் பிடிப்பது மேல் றிங்குகள். ஒயிலை வழிப்பதில் கீழ் றிங்குகளின் பங்கே பெரிது. பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் ஒயிலில் நனைந்திருந்தன. ஒன்று மட்டும் நனைந்தால் அந்தச் சிலிண்டரில் குறை. நான்குமென்றால் பொதுக்காரணம் தேடவேண்டும்.

புதுப்பித்த பின் எப்படி ஓட்டினீர் என்று கேட்டேன். முற்றத்தில் சும்மா ஓடவிட்டதும், ஊர் அணிவகுப்பில் மெல்லச் சென்றதும்தான் என்றார். விடை அதிலிருந்தது. மேல் றிங்கைச் சுவரோடு பெரிதும் அழுத்துவது அதன் வில்விசையல்ல, பின்னால் புகும் எரிவாயுவின் அமுக்கம். பாரமில்லாமல் ஓடினால் அந்த அமுக்கம் குறைவு. புதிய லைனரின் குறுக்குக் கீறல்களின் முனைகள் தேயாது, றிங் படியாது, தங்கும் ஒயில் வெந்து கண்ணாடிபோல மெழுகிவிடும். புது எஞ்சினை நோகாமல் வைத்திருப்பதே அதற்குக் கேடு.

சாதாரண மினரல் ஒயிலுக்கு மாற்றி, கலப்பை பூட்டி, பாரத்தை இடையிடையே கூட்டியும் குறைத்தும் இரண்டு கிழமை உழுதார். புகை மெலிந்தது, முற்றாகப் போகவில்லை. மறுபடி பார்த்தால் மூன்று பிளக் காய்ந்து மண்நிறம், மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் ஈரம். இனி அந்த ஒரு பிஸ்ரனை எடுத்தால் போதும். எடுத்தோம். இரண்டாவது றிங் தலைகீழாகப் போடப்பட்டு, ஒயிலைக் கீழே வழிக்காமல் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினின் லைனர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால், தலையைக் கழற்றியதும் அவற்றை அசையாமல் இறுக்கிப் பிடிக்கவேண்டும். அசைந்தால் அடிச் சீல் போய்விடும்.

டீசல் எஞ்சின் வைத்திருப்போருக்கு ஒன்று. திறொட்டில் மூடி இல்லாத டீசலில் உள்ளிழுக்கும் வெற்றிடம் குறைவு; ஆகவே வால்வு கைட் பற்றிய இறக்கச் சோதனையை அங்கே பெரிதாக நம்பவேண்டாம். ஒரு கரண்டி ஒயில் ஊற்றி அமுக்கம் பார்க்கும் பழக்கமும் கூடாது. எரியறை மிகச் சிறியது. ஊற்றிய ஒயிலே அளவீட்டை உயர்த்திக் காட்டும்.